முதல் சுவர்

ஈஞ்சம்பாக்கம்

திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவருக்குக் கடல் உடனே கண்ணில் படுவதில்லை. இடப்பக்கம் முழுக்கப் பங்களா மதில்களும் கல்யாண மண்டபங்களும் அதை மறைத்து நிற்கின்றன. உப்புக் காற்று மட்டும் அவற்றைத் தாண்டி வருகிறது. ஈஞ்சம்பாக்கத்தில் அந்த மதில்களுக்கு நடுவே ஒரு வாசல். உள்ளே மரநிழலில் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் முன்னெடுப்பில் உருவான சோழமண்டலம் கலைக்கிராமம் இது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கர், படித்து முடித்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைக் கண்டவர். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் அந்த ஓவியர்கள் நிலம் வாங்கினார்கள். அங்கேயே வீடு கட்டி, அங்கேயே வரைந்து, அங்கேயே காட்சிக்கும் வைத்தார்கள். கலைக்கூடத்துக்காரர் யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை.

ஓவியர்களைக் காட்டிலும் இந்தப் பாடம் முதல்முறையாகத் தன் படங்களைப் பொதுவில் மாட்டிவைக்க நினைக்கும் ஒளிப்படக்காரருக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. கேமரா வாங்கிய ஐந்தாறு ஆண்டுகளில் ஒருவரிடம் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. என்றாவது ஒருநாள், அவற்றைத் திரையிலிருந்து இறக்கிச் சுவரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. உடனே மனத்தில் எழுவது நகரத்துக் கூடம்: வெள்ளைச் சுவர், மேலிருந்து விழும் விளக்கொளி, குத்துவிளக்கேற்றும் சிறப்பு விருந்தினர், வாசலில் கருத்துப் பதிவேடு. இந்த ஆசையில் குற்றம் ஒன்றுமில்லை, வரிசையில்தான் கோளாறு. படத்தில் இருப்பவர்கள் எந்த ஊரோ, அந்த ஊர்ச் சுவரில்தான் முதல் கண்காட்சி தொடங்க வேண்டும். கூடத்துக்கு இரண்டாவதாகப் போனால் போதும். ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் செங்கல்பட்டில் முடியும் அறுபது எழுபது கிலோமீட்டர் தூரத்தில், இந்த வாதத்துக்கான சான்றுகளும் இதை மறுப்பதற்கான சான்றுகளும் சேர்ந்தே கிடக்கின்றன.

முட்டுக்காடு

முட்டுக்காட்டில் சாலை உப்பங்கழியின் மேல் பாலமாகிறது. அங்கேதான் மதில்கள் விலகி, ஒருபக்கம் கடலும் மறுபக்கம் படகுகள் மிதக்கும் நீர்ப்பரப்பும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. பாலத்துக்குச் சற்று முன்னதாக தட்சிணசித்ரா. சென்னை கிராஃப்ட் அறக்கட்டளை 1996இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில், தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பிறந்த ஊரில் பிரிக்கப்பட்டு, தூணும் உத்தரமுமாக வண்டியேறி வந்து, இங்கே மறுபடியும் எழுப்பப்பட்டிருக்கின்றன. செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் உட்கார்ந்தால் கல் குளிர்கிறது, மரவேலைப்பாடு கண்ணை நிறைக்கிறது. ஆனால் அந்தத் திண்ணையில் யார் யாரோடு பேசினார்கள், அடுப்படியில் யாருடைய குரல் ஓங்கியிருந்தது என்பதைத் தூண்கள் சொல்லப்போவதில்லை. இடிபடவிருந்த வீடுகள் பிழைத்திருக்கின்றன என்பது உண்மை. பிழைத்தது வீடு, அதன் அக்கம்பக்கம் கூடவே வரவில்லை என்பதும் உண்மை. இந்த வளாகத்தின் கூடங்களில் ஒளிப்படக் கண்காட்சிகளும் நடக்கின்றன. ஊரைவிட்டு ஊர் வந்த ஒளிப்படத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன போய்விடுகிறது என்று யோசிக்க இந்த வீடுகளைவிடப் பொருத்தமான பக்கத்துணை கிடையாது.

நம் பக்கத்தில் ஒளிப்படக் கண்காட்சியின் தொடக்கமும் இப்படி ஒரு பெயர்ப்புதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், 1854இன் இறுதியில் மைசூர்ப் பகுதியின் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டன. காகிதத்தில் அச்சிட்ட காட்சிப் படங்களில் அதுவே சிறந்த தொகுப்பு என்று நடுவர்கள் சொன்னார்கள். அந்தப் பொருட்காட்சி தென்னிந்தியாவின் கச்சாப் பொருட்களுக்கும் கலைகளுக்கும் உற்பத்திப் பொருட்களுக்குமானது. அந்தக் கோயில்களின் ஹொய்சளச் சிற்பம் அங்கே நாட்டின் சரக்குகளில் ஒரு மாதிரியாக நின்றது. இந்த முதல் கண்காட்சி டிரைப்புக்கு வாழ்வு தந்தது: 1856இல் மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டு, மதுரை, தஞ்சை, திருவரங்கம், புதுக்கோட்டை என்று கனத்த கருவிகளோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீண்ட சுருளாக ஒட்டினார். அவருடைய உழைப்பும் நுட்பமும் இன்றும் வியக்கவைக்கின்றன. ஆனால் அவர் படங்களில் மனிதர்கள் அரிது. அவை போன திசையும் சென்னை, பிறகு லண்டன். செலவு அதிகம் என்று ஆளுநர் டிரெவெல்யன் நிறுத்தியதும் அந்தப் பணி அப்படியே நின்றது. அதிகாரத்தின் சுவரை மட்டுமே நம்பிய படங்களுக்கு, அதிகாரம் கைவிட்டபோது வேறு சுவர் இல்லை.

உலகின் முதல் பொது ஒளிப்படக் கண்காட்சி வேறு மாதிரி தொடங்கியது. பாரிஸில் சாதாரண அரசு எழுத்தராக இருந்த இப்போலித் பயார், தானே கண்டுபிடித்த முறையில் உருவாக்கிய 30 படங்களை 1839 ஜூன் 24 அன்று காட்சிக்கு வைத்தார். மார்த்தினிக் தீவில் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட நடந்த நிகழ்ச்சி அது. இன்னொரு கண்டுபிடிப்பாளரான டாகேரின் ஒளிப்பட முறையைப் பிரெஞ்சு அரசு உலகுக்கு அறிவித்தது அதற்குப் பிறகு, ஆகஸ்டில்தான். அரசின் பாராட்டும் பணமும் டாகேருக்குப் போயின. ஆனாலும் முதலில் மக்கள் முன் படத்தை மாட்டியவர் பயார்தான். யாருடைய முத்திரையும் இல்லாமல் பொதுவில் வைக்கலாம் என்ற துணிவு, ஒளிப்படக் கலை பிறந்த ஆண்டிலேயே அதனுடன் பிறந்துவிட்டது.

கோவளம்

காலையில் கோவளத்துக் கரையில் படகுகள் ஏறும் நேரத்தில், வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் விரல்களின் வேகத்துக்குக் கண் ஈடுகொடுப்பதில்லை. சங்கரா, நெத்திலி, காரப்பொடி, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். ஏலக்குரல் முடிந்ததும் அலுமினிய அன்னக்கூடைகள் தலையேறிப் புறப்படுகின்றன. மிளகாய்த்தூள் தடவிய மீன் சாலையோரக் கடைகளில் கல்லில் விழும் ஓசை பத்து மணிக்குமேல் கேட்கத் தொடங்கும். விடுமுறை நாளானால் இதே கரையில் லென்ஸுகளின் வரிசையும் இறங்கிவிடுகிறது. வெயிலில் கறுத்த முகத்தின் சுருக்கம், நரைத்த தாடி, வலையின் பின்னணியில் சிறுவனின் சிரிப்பு: நகரத்துக் கண்காட்சிகளில் இவை தவறாமல் இடம்பெறுகின்றன. மீன் வாங்குகிறவர் அடுத்த வாரமும் வருவார், கணக்குத் தீர்ப்பார். படம் எடுத்துப் போனவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. கடலோர மனிதர்களுக்கும் ஒளிப்படக்காரர்களுக்கும் இடையில் தீராமல் கிடக்கும் பாக்கி இதுதான்.

அந்தப் பாக்கியை மறுபக்கத்திலிருந்து பார்க்க வைத்தவர் எம். பழனிகுமார். மதுரையைச் சேர்ந்தவர், மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். அந்தப் படம் வெளிவந்த 2017ஆம் ஆண்டிலேயே, மலக்குழியில் இறங்கும் தொழிலில் சிக்கிய குடும்பங்களின் பிள்ளைகளை முன்வைத்து ‘நானும் ஒரு குழந்தை’ என்ற கண்காட்சியை வைத்தார். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முதலாக அவருக்கு வழங்கப்பட்டது. விருதைக் காட்டிலும் இங்கே கவனிக்க வேண்டியது அவர் அடுத்து எடுத்துவைத்த அடி. தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்குக் கொண்டுவரும் வேலையில் அவர் இறங்கினார். தன் தெருவைத் தானே எடுத்த பிள்ளைக்கு, அந்தப் படத்தை முதலில் யாரிடம் காட்டுவது என்ற குழப்பமே வராது. அடுத்த வீட்டு அக்கா அதை ஏற்கெனவே எட்டிப் பார்த்திருப்பார்.

இந்த இடத்தில்தான் மிகக் கனமான மறுப்பு வருகிறது. மலக்குழியில் இறங்குபவரின் படத்தை அவருடைய தெருவிலேயே மாட்டினால் என்ன ஆகும்? பள்ளியில் தகப்பன் தொழிலைச் சொல்லாமல் மறைத்துவைத்திருக்கும் பிள்ளை மறுநாள் எப்படி வகுப்புக்குப் போகும்? சாதி கெட்டிப்பட்ட ஊரில் சுவர் என்பது கண்ணாடியாக மட்டும் இருப்பதில்லை, அடையாளக் குறியாகவும் ஆகிவிடும். நகரத்துக் கூடத்தில் அந்த முகம் ஒரு பிரச்சினையின் முகம். சொந்தத் தெருவில் அது இன்னாருடைய அப்பா. இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. என் வாதத்தை இது திருத்துகிறது என்றே ஒப்புக்கொள்கிறேன். முதலில் வர வேண்டியது சுவர்கூட இல்லை, கை. அச்சிட்ட படம் முதலில் அதில் இருப்பவரின் கைக்குப் போக வேண்டும். எந்தச் சுவர், எத்தனை நாள், பெயரோடா பெயரில்லாமலா, அல்லது வேண்டவே வேண்டாமா என்ற முடிவு அவரிடம் இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்ற படம் நகரத்துக் கூடத்திலும் தொங்கக் கூடாது. தொலைவில் மாட்டினால் அவருக்குத் தெரியவராது என்ற நினைப்பு, சம்மதத்துக்கு ஈடாகாது.

அப்படியானால் தவறு செய்தவரின் படத்தையும் அவரிடம் கேட்டுத்தான் மாட்ட வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். தேவையில்லை. இந்த விதி துன்பப்படுகிறவரைக் காக்க வந்தது. அதிகாரத்துக்குக் கேடயமாக அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. டாக்காவில் ஒளிப்படக்காரர் ஷஹிதுல் ஆலம் 2010இல் ‘கிராஸ்ஃபயர்’ என்ற கண்காட்சியில் என்கவுன்டர் கொலைகளைப் பேசினார். கொல்லப்பட்டவர்களின் உடல்களையோ முகங்களையோ அவர் காட்டவில்லை; சம்பவங்களை நினைவூட்டும் இடங்களையும் பொருட்களையும் காட்டினார். போலீஸ் கூடத்தின் வாசலை மறித்தது, திறப்பு தெருவிலேயே நடந்தது. பாதிக்கப்பட்டவரின் முகத்தைச் செலவழிக்காமலே பொதுவில் பேச வழியுண்டு என்பதற்கு அது சான்று.

வடநெம்மேலி

கோவளத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகள் தொடங்குகின்றன. இந்தக் கரையின் மண்ணுக்கு ஏற்ற மரம். பந்தற்கால், சாரம், கீற்றுக் கொட்டகை என எதற்கும் சவுக்குக் கம்புதான் முதலில் வரும். தோப்புகளினூடே வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையும், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கின்றன. பாம்புத்தோல் வணிகம் தடைபட்டபின் வாழ்வு முடங்கிய இருளர்கள், அதே கைத்திறனை விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு சேகரிப்புக்குத் திருப்பிய இடம் இது. பானையிலிருந்து நல்லபாம்பை எடுத்து, புட்டியின் வாயில் அதன் பல்லைப் பதியவைக்கும் நொடியில் பார்வையாளர்களின் செல்போன்கள் ஒன்றாக உயர்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, பாம்போடு அவர்கள் நிற்கும் படங்கள் நாடெங்கும் போயின.

ஊர்மக்களிடம் கண்காட்சி வைப்பதற்கு எதிராகப் பலமுறை சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. அவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது, தன் முகம் எங்கே என்று தேடுவார்கள், ஒளியையும் அமைப்பையும் கவனிக்க மாட்டார்கள் என்பது அது. வடநெம்மேலியில் நின்று யோசித்தால் இந்தக் காரணம் தலைகீழாகிவிடுகிறது. பாம்பின் படம் ஒன்றைச் சென்னைக் கூடத்தில் மாட்டினால், பார்ப்பவர் அதன் செதில்களில் விழுந்த வெளிச்சத்தைப் பாராட்டுவார். அதையே இருளர் ஒருவரிடம் காட்டினால், அது கட்டுவிரியனா சுருட்டையா, பிடித்திருக்கும் முறை சரியா, எந்த மாதத்தில் எடுத்திருப்பார்கள் என்று வாசிப்பார். படக்குறிப்பில் உள்ள பிழையை முதலில் கண்டுபிடிப்பவரும் அவரே. அமைப்பை ரசிப்பது ஓர் அறிவு, உள்ளடக்கத்தைச் சோதிப்பது இன்னோர் அறிவு. முதல் கண்காட்சி வைப்பவருக்கு இரண்டாவது அறிவுதான் அவசரமாகத் தேவை, ஏனென்றால் அவரிடம் அது இல்லை. தன் முகத்தைத் தேடுவதும் கேலிக்குரியது அன்று. கல்யாண ஆல்பத்தை யார் புரட்டினாலும் முதலில் தேடுவது தன்னைத்தான். தன்னைக் கண்டபிறகே பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறோம். எல்லாப் பார்வையும் தொடங்குகிற இடம் அது.

மாமல்லபுரம்: பாறை

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே உளிச்சத்தம் வந்துவிடுகிறது. சாலையின் இருபுறமும் சிற்பப் பட்டறைகள், கல்தூசி படிந்த புருவங்கள், பாதி விழித்த பிள்ளையார்கள். 1957 முதல் இங்கே அரசு சிற்பக் கல்லூரியும் இயங்குகிறது. பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், தெருவோரத்திலேயே நிற்கிறது அந்தப் பெரும் பாறைச் சிற்பம். ஏறத்தாழ 96 அடி நீளம், 43 அடி உயரம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். கருவறையில் அடைக்காமல், ஊரின் நடமாட்டத்துக்கு நேரெதிரே பல்லவச் சிற்பிகள் இதைச் செதுக்கினார்கள். வானவரும் நாகரும் யானைகளும் நிறைந்த அந்தப் பரப்பின் நடுவே, ஆற்றங்கரையில் ஒருவர் துணி பிழிகிறார், ஒருவர் குடம் சுமக்கிறார். ஒற்றைக்காலில் நிற்கும் தவசிக்கு எதிர்ப்பக்கம் ஒரு பூனையும் கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். சற்றுத் தள்ளி கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் பசு கன்றை நக்க, ஒருவர் பால் கறக்கிறார். பானைகளைத் தலையில் அடுக்கிய பெண் ஒருத்தி நடக்கிறாள். அதே வகைப் பசு அடுத்த தெருவில் இன்றும் கறக்கப்படுகிறது. அந்தப் பாறைக்கு முன்னே தூண் மண்டபம் வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து, விஜயநகரக் காலத்தில். அதாவது முதலில் திறந்த சுவர், பிறகுதான் கூடம்.

இந்தப் பெருஞ்சிற்பத்துக்குப் படக்குறிப்பு கிடையாது. அருச்சுனன் பாசுபதம் வேண்டிச் செய்த தவமா, பகீரதன் கங்கையை இறக்கிய கதையா என்று அறிஞர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை. வழிகாட்டிகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். 1300 ஆண்டுகளாக அந்த விவாதம் தெருவில் நடப்பதால்தான் சிற்பம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம். முதல் கண்காட்சி வைப்பவர் தன் படங்களுக்குப் பக்கத்தில் நீண்ட விளக்கவுரை ஒட்ட ஆசைப்படுவது இயல்பு. ஊர்ச்சுவரில் அந்த உரைக்கு வேலையே இல்லை. ஊர் தன் உரையைத் தானே சொல்லிவிடும். நகரத்துக் கூடத்தில் மௌனமாக நகரும் பார்வையாளர் கருத்துப் பதிவேட்டில் ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போவார். தெருவில் நிற்கிறவர், இந்த வலை எங்களுடையது இல்லை, பக்கத்துக் குப்பத்துக்காரருடையது என்பார். எதிலிருந்து கற்றுக்கொள்ள முடியும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பாறை நிற்கும், தாள் நிற்குமா என்பது அடுத்த மறுப்பு. உப்புக் காற்றும் வெயிலும் நல்ல அச்சைப் பத்து நாளில் வெளுக்கச் செய்துவிடும், உழைத்து எடுத்த படத்தை ஏன் பாழாக்க வேண்டும் என்கிறார்கள். அழியக் கூடாதது கோப்பு. அது கணினியில் இருக்கிறது. வெளுக்கப்போவது ஒரு பிரதி மட்டுமே. நிரந்தரம் தேவையில்லாத கண்காட்சிகள் உலகெங்கும் வெற்றிபெற்றிருக்கின்றன. டாக்காவில் 2000இல் தொடங்கிய ‘சோபி மேளா’ ஒளிப்பட விழா, படங்களை மிதிவண்டி ரிக்ஷாக்களில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனது. 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட பினாலே விழா, பறக்கும் ரயில் நிலையத்துக்கும் பூங்காவுக்கும் படங்களை இறக்கியது. டிக்கெட் வாங்க வந்தவர் படம் பார்த்தார். இதே வகையில் மாமல்லபுரத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரு டஜன் சவுக்குக் கம்பும் கயிறும் நாலு பேரின் உதவியும்தான்.

மாமல்லபுரம்: மணல்

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் மாலையானால் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலின் வாசம் பரவுகிறது. பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளிவருகிறார்கள். மாசி மகத்தையொட்டி இந்த மணலே வேறு ஊராகிவிடும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் வந்து, சேலையையும் தார்ப்பாயையும் கம்பில் கட்டிக் குடில் போட்டு, கடலோரம் மணலைக் குவித்துப் படிகள் அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். விடியலில் அங்கேயே பெண் பார்க்கிறார்கள், பேசி முடிக்கிறார்கள், தாலியும் கட்டுகிறார்கள். அந்த விடியலைப் படமெடுக்க ஒளிப்படக்காரர்களும் ஆண்டுதோறும் குவிகிறார்கள். முந்தைய ஆண்டு எடுத்த படங்களை அடுத்த மாசி மகத்துக்கு அச்சிட்டு எடுத்துவந்து, அதே மணலில் கம்பு நட்டு மாட்டுவதைவிட எளிதான முதல் கண்காட்சி எதுவும் இருக்க முடியாது. போன ஆண்டின் மணப்பெண் இந்த ஆண்டு கைக்குழந்தையோடு வந்து தன் படத்தின் முன் நிற்கலாம். அந்தப் பார்வையாளருக்கு இணையான பார்வையாளரை எந்தக் கூடமும் தர முடியாது.

பொதுவில் வந்த ஒரு பிம்பம் என்ன செய்யும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2021இல் இங்குள்ள கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடவில்லை என்று நரிக்குறவப் பெண் ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசிய காணொளி பரவியது. அந்த ஆண்டு தீபாவளியன்று முதலமைச்சர் பக்கத்திலுள்ள பூஞ்சேரிக்கு வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். இந்தக் கரையில் நரிக்குறவப் பெண்களை எடுத்த படங்கள் அதற்குமுன் எத்தனையோ ஆயிரம் இருந்திருக்கும். அவற்றில் அவர்கள் நிறமாகவும் மணியாகவும் இருந்தார்கள். இந்தக் காணொளியில் அவர் தன் வழக்கைத் தானே சொன்னார். படத்தில் இருப்பவருக்கும் அதில் பங்கு இருக்கும்போதுதான் பிம்பத்துக்குப் பலம் வருகிறது.

திருக்கழுக்குன்றம்

மாமல்லபுரத்திலிருந்து மேற்கே திரும்பினால் காற்றின் உப்பு குறைந்து, நெல்வயலும் ஏரிக்கரையும் பனையும் வருகின்றன. வெயில் காலத்தில் சாலையோரம் நுங்குக் குலைகளும் வெள்ளரிப் பிஞ்சுகளும். பதினைந்து கிலோமீட்டரில் மலைமேல் வேதகிரீசுவரர் கோயில் தெரிகிறது. நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் பறந்துவந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்ட ஊர். மஞ்சள்முகப் பாறு என்று பறவை நோக்குபவர்கள் சொல்லும் அந்த இனம் 1990களின் இறுதிக்குப் பிறகு இங்கே வருவதில்லை. அந்தக் காட்சியைப் பார்க்காத தலைமுறை வளர்ந்துவிட்டது. பாறையில் குருக்கள் உட்கார்ந்திருக்க, எதிரே இரு பறவைகள் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் இப்போது சாட்சி. அதன் முன்னால் பேரனை நிறுத்தி, நான் இதைக் கண்ணால் பார்த்தவன் என்று சொல்ல உள்ளூரில் ஆளிருக்கும்வரை அது ஆவணம். வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் கிடந்தால் அது ஒரு பறவைப் படம்.

இங்கே வந்து சேரும்போது தொழில்முறைக் கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. ஊரில் மாட்டினால் விமர்சகர் வரமாட்டார், படம் விற்காது, பத்திரிகையில் செய்தி வராது. புதியவரின் எதிர்காலம் என்ன ஆவது? இதில் நியாயம் உண்டு. தரமான அச்சு, தேர்ந்த தொகுப்பாளரின் கண், மற்ற கலைஞர்களின் பக்கத்தில் நிற்கும்போது கிடைக்கும் அளவுகோல் ஆகியவற்றைக் கூடமே தர முடியும். அதனால்தான் கூடம் வேண்டாம் என்று சொல்லாமல், இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன். ஊரில் பத்து நாள் தொங்கி, திருத்தம் வாங்கி, மூன்று படம் கழிந்து, இரண்டு படத்துக்குப் பெயர் மாறி வந்த தொகுப்பு கூடத்தில் கூடுதல் உறுதியோடு நிற்கும். விற்றால் வரும் பணத்தில் யாருக்குப் பங்கு என்ற பேச்சும் அப்போது தானாகவே எழும். எழுவது நல்லது.

செங்கல்பட்டு

செங்கல்பட்டில் ரயில் கொளவாய் ஏரியை ஒட்டி வளைந்து வருகிறது. விஜயநகரக் காலத்துக் கோட்டையின் நடுவே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். எஞ்சிய அகழியும் மதிலும் பயணிகளின் ஜன்னலில் ஒரு நொடி தெரிந்து மறைகின்றன. 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகரான இந்த ஊர், வேறெந்தத் தமிழ் ஊரையும் போலவே, ஏற்கெனவே ஒரு மாபெரும் ஒளிப்படக் கண்காட்சிதான். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, தேர்தல் நன்றி: தெருமுனைக்குத் தெருமுனை முகங்கள். இறந்தவரின் தோற்றமும் மறைவும் தேதியாக நிற்க, பேருந்துக்குக் காத்திருப்பவர் அதைப் படித்து வயதைக் கணக்கிட்டு ‘உச்’ கொட்டுகிறார். தமிழருக்குச் சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்கப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இதன் ஆபத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். பொதுவெளி யாருடைய சொத்தும் இல்லை, எல்லாருடைய பொறுப்பு. கலைக்கண்காட்சி என்பதற்காக நடைபாதையை மறிக்கவோ, கேட்காமல் ஒருவர் மதிலில் ஆணி அடிக்கவோ உரிமை வந்துவிடாது.

ஆனால் இந்த ஃப்ளெக்ஸ் கடைகளிடம் கலைஞர்கள் கற்க வேண்டிய ஒரு வழக்கம் இருக்கிறது. அஞ்சலி பேனருக்குப் படம் கொடுக்க வந்த குடும்பத்தை, வடிவமைக்கும் பையன் கணினிக்கு முன் உட்காரவைக்கிறான். “அண்ணே, அப்பாவுக்கு இந்தச் சட்டை வேணாம், வெள்ளச் சட்ட போட்ட படம் இருக்கு” என்கிறார் மகன். “நெத்தியில திருநீறு தெரியணும் தம்பி” என்கிறார் பின்னால் நிற்கும் பெரியம்மா. பெயரில் ஓர் எழுத்து திருந்துகிறது, விட்டுப்போன மருமகன் பெயர் சேர்கிறது, முகத்தின் கறுப்பை வெளுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று யாரோ சொல்கிறார். எல்லாரும் சரி என்ற பிறகே இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. சதுர அடிக் கணக்கில் காசு வாங்கும் இந்தக் கடையில், படத்துக்கு உரியவர் பார்க்காமல் ஒரு படமும் தெருவுக்குப் போவதில்லை. டிரைப்பின் காலம் முதல் ஒளிப்படக் கலை பேசிவரும் எந்தக் கோட்பாட்டையும் அந்தப் பையன் படித்திருக்க மாட்டான். முதல் கண்காட்சிக்குப் படம் தேர்ந்து வைத்திருப்பவர் கூடத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒருநாள் அந்தக் கடையில் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கலாம். பெரியம்மா சொல்லும் திருத்தத்துக்காக அங்கே வேலை நிற்கிறது. திருத்தம் முடிந்ததும்தான் அச்சு.